இயற்பியலுக்கு ராகுகாலம் கிடையாது: ஆற்றல் என்றால் என்ன, அது ஏன் அழிவதில்லை?

கேள்வி இதுதான்: "ஆற்றல் என்பது வேலை செய்யும் திறன் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியாச்சு. ஆனால் உண்மையில் அது என்ன பொருள்? கண்ணால் பார்க்க முடியுமா? ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்கிறார்களே, அது யார் போட்ட சட்டம்?"

முதலில் அந்த மார்க் வாங்கிய வரியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றல்தான் வேலை செய்யும் திறன், அந்த ஆற்றல் ஒருபோதும் குறையாது என்றால், வேலை செய்யும் திறனும் ஒருபோதும் குறையக்கூடாது. அப்புறம் எதற்கு "மின்சாரத்தைச் சேமிப்பீர்" என்று சுவரில் எழுதி வைக்கிறார்கள்? மெரினாவில் போய் நின்றால் எதிரே இருக்கும் கடல்நீரில் உள்ள வெப்பத்துக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அந்த நீரைவிடக் குளிர்ந்த ஏதோ ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால், அவ்வளவு வெப்பத்தையும் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் டைனமோவைக்கூடச் சுற்ற முடியாது. ஆற்றல் மலைபோல் இருக்கிறது, வேலை செய்யும் திறன் இல்லை. வரையறை அங்கேயே படுத்துவிடுகிறது. பள்ளி அளவில் அது ஒரு கைத்தடி, அவ்வளவுதான்.

சொற்களிலேயே குழப்பம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றல் வேறு, திறன் வேறு. திறன் என்றால் ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்ற வீதம், பல்பில் போட்டிருக்கும் வாட். அப்படியிருக்க ஆற்றலுக்கான வரையறைக்குள்ளேயே "திறன்" வந்து உட்கார்ந்துகொள்கிறது! இலங்கைப் பாடநூலில் ஆற்றலுக்குச் சக்தி என்றும் திறனுக்கு வலு என்றும் எழுதுவார்கள். இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1847-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழியாமையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே, ஜெர்மன் மொழியில் விசைக்கு உரிய சொல்தான் இருக்கிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிடிபட்ட பிறகும் அதற்கு ஒரு பெயர் நிலைக்க ரொம்ப நாள் ஆயிற்று.

சரி, அது என்ன? நேரடியாகச் சொன்னால், ஆற்றல் ஒரு எண். கணக்குப் போட்டு எடுக்கும் ஒரு தொகை. 200 கிராம் பந்தை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறீர்கள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 10 ஜூல் வரும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). பந்து ஏற ஏற வேகம் குறையும், இந்த எண்ணும் குறையும். கூடவே இன்னொரு எண்ணையும் எழுதி வாருங்கள்: நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கியது. முதல் எண் குறையக் குறைய இரண்டாவது கூடும். 5 மீட்டருக்குச் சற்று மேலே பந்து ஒரு கணம் நிற்கும்போது முதலாவது பூஜ்யம், இரண்டாவது 10. இடையில் எங்கே நிறுத்திக் கூட்டினாலும் 10 (காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). பந்துக்குள் இந்தப் பத்து ஜூல் ஒரு திரவம்போல ஓடிக்கொண்டிருக்கவில்லை. வேகம் நிஜம், உயரம் நிஜம், அந்தக் கூட்டுத்தொகை நாம் போடும் கணக்கு. அது ஏன் மாறாமல் நிற்கிறது என்பதுதான் ஆச்சரியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

"பொருள் மாதிரி இல்லை" என்று நான் சொல்வதை நம்பாவிட்டால், வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காபி கப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தக் கப் நகரவில்லை, இயக்க ஆற்றல் பூஜ்யம். வெளியே லெவல் கிராசிங்கில் கொடி பிடித்து நிற்கும் கேட்கீப்பருக்கு அதே கப் மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கிறது. காபியோடு 200 கிராம் என்றால் அவர் கணக்கில் ஏறக்குறைய 77 ஜூல். கப்புக்குள் எத்தனை ஜூல் "இருக்கிறது"? இரண்டு பேர் சொல்வதும் சரி. காபி எவ்வளவு என்று கேட்டால் இருவரும் ஒரே அளவுதான் சொல்வார்கள், ஆற்றலைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். உயரத்தால் வரும் ஆற்றலும் இப்படித்தான். தரையிலிருந்து அளப்பதா மொட்டைமாடியிலிருந்து அளப்பதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து எழுதினால், கேட்கீப்பர் ஏட்டிலும் வரவு செலவு சரியாக வரும், உங்கள் ஏட்டிலும் வரும். காபி கவிழாதவரை.

அந்த வேகத்தின் வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இதற்காக ஐரோப்பாவில் சில தலைமுறைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்று டெக்கார்ட்டின் கட்சி, இல்லை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று லைப்னிட்ஸ் கட்சி. 1720-களில் ஸ்க்ராவசாண்ட என்ற டச்சுக்காரர் ஒரு வேலை செய்தார்: பித்தளை உருண்டைகளை வெவ்வேறு உயரத்திலிருந்து மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பள்ளத்தை அளந்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு. பிரான்சில் எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் வர்க்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். நியூட்டனின் பிரின்சிபியாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவர்தான். பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் காலாலேயே உணர்ந்திருப்பார்கள். 40-இல் போகும்போது பிரேக் அடித்தால் நிற்கும் தூரத்தைப்போல 80-இல் நான்கு மடங்கு தூரம் வேண்டும். விபத்துகளில் பாதி இந்த வர்க்கம் புரியாததால்தான் என்பது என் சந்தேகம்.

பந்தும் உருண்டையும் சரி, தரையில் விழுந்து கொஞ்சம் துள்ளிவிட்டு அப்படியே கிடக்கிறதே, அப்போது அந்தப் பத்து ஜூல் எங்கே? இந்த இடத்தில்தான் கணக்கு ரொம்பக் காலம் இடித்தது. வெப்பம் என்பது பொருள்களுக்குள் இருக்கும் ஒரு தனித் திரவம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது கவனித்தார்: துளைக்கத் துளைக்கச் சூடு வந்துகொண்டே இருக்கிறது, தீரவே மாட்டேன் என்கிறது. உள்ளே இருந்த திரவம் என்றால் ஒருநாள் காலியாக வேண்டாமா?

பீரங்கி வேண்டாம், நம் வீட்டு மிக்ஸி போதும். அதில் உளுந்து அரைத்தவர்களுக்குத் தெரியும், மாவு சூடாகும். சூடானால் இட்லி கல்லாகும் என்பதற்காக ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்பார்கள். அடுப்பு இல்லை, வெயில் இல்லை, சூடு எங்கிருந்து வந்தது? பிளேடு மாவைக் கலக்கிய கலக்கலிலிருந்து. மிக்ஸி விநாடிக்கு 300 ஜூல் மாவுக்குள் தள்ளுகிறது, 3 நிமிடம் ஓடுகிறது என்றால் 54,000 ஜூல். ஒரு கிலோ மாவைத் தண்ணீர் மாதிரியே பாவித்தால் சூடு கிட்டத்தட்ட 13 டிகிரி ஏறும். விரலை விட்டுப் பார்த்தால் தெரியும் அளவு. (ஆற்றல் கூடினால் நிறையும் கூடும் என்ற ஐன்ஸ்டீன் கணக்குப்படி சூடான மாவு 0.6 நானோகிராம் கூடுதல் எடை, ஆனால் அதற்குத் தராசு தேடிப் போகாதீர்கள்.)

இதே மிக்ஸியைத்தான் ஜேம்ஸ் ஜூல் 1840-களில் செய்தார். மான்செஸ்டரில் பீர் காய்ச்சும் குடும்பம், கையில் நல்ல வெப்பமானிகள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே துடுப்புச் சக்கரம், வெளியே கயிற்றில் தொங்கும் எடைகள். எடை இறங்க இறங்கச் சக்கரம் சுழலும், தண்ணீர் ஒரு துளி சூடாகும். திரும்ப எடையைத் தூக்கி, மறுபடி இறக்கி, மறுபடி தூக்கி. சூடு ஒரு டிகிரியில் ஒரு பகுதிதான் ஏறும், அதை விடாமல் அளந்தார். 1850 வாக்கில் அவருக்குக் கிடைத்த எண், இன்றைய அளவுக்கு ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றலை வைத்து அதே ஒரு கிலோவை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து மலைக்கோட்டை. வெறும் ஒரு டிகிரிக்கு! சூடாக மாறிய ஆற்றல் ஏன் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கு இதுதான் காரணம், பார்க்க அவ்வளவு சின்னதாகத் தெரியும். மனுஷன் 1847-இல் கல்யாணம் ஆனதும் மனைவியோடு ஆல்ப்ஸ் பக்கம் போனார், அங்கேயும் வெப்பமானியை விடவில்லை. அருவியின் தலையிலும் அடியிலும் தண்ணீரின் சூட்டை ஒப்பிடப் பார்த்தார். தண்ணீர் சாரலாகச் சிதறிவிட்டதால் அளக்க முடியவில்லை. அந்த அம்மா என்ன சொன்னார் என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

ஆக, விழுந்த பந்தின் பத்து ஜூல் தரையிலும் பந்திலும் காற்றிலும் உள்ள அணுக்களின் தாறுமாறான ஆட்டமாகச் சிதறிவிட்டது. தொகை குறையவில்லை. ஆனால் கோடானுகோடி அணுக்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே திசையில் உதைத்துப் பந்தை மறுபடி மேலே அனுப்பும் என்று காத்திருக்க முடியாது. நோட்டை உதிரிச் சில்லறையாக்கி ஊர் முழுக்க இறைத்துவிட்ட கதை. மொத்தப் பணம் அதேதான், அதைக் கொண்டுபோய்க் கடையில் ஒரு சாமான் வாங்க முடியாது. நாம் "சேமிப்பீர்" என்று சொல்வது ஆற்றலின் தொகையை இல்லை, அது சில்லறையாகாமல் இருக்கும் நிலையை.

இந்தக் கணக்கின் மேல் இயற்பியலாளர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். சில அணுக்கருக்கள் எலக்ட்ரானைத் துப்பிவிட்டு வேறு கருவாக மாறும். முன்னும் பின்னும் உள்ள கருக்களின் ஆற்றல் தெரியும், எனவே வெளியே வரும் எலக்ட்ரானுக்கு எப்போதும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். 1914-இல் சாட்விக் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அளந்தபோது அப்படி இல்லை, கூடியும் குறைந்தும் எல்லா அளவிலும் வந்தது. கணக்கில் துண்டு விழுகிறது! நீல்ஸ் போர் மாதிரிப்பட்ட பெரிய தலையே, அணுக்கருவுக்குள் ஆற்றல் அழியா விதி செல்லாது போலிருக்கிறது என்று கைவிடத் தயாராகிவிட்டார். 1930 டிசம்பர் 4 அன்று இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலி, கதிரியக்க ஆய்வாளர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பினார், "அன்புள்ள கதிரியக்கச் சீமாட்டிகளே, சீமான்களே" என்று கிண்டலாகத் தொடங்கி. சூரிச்சில் ஒரு நடன விருந்து இருப்பதால் நேரில் வர முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். விஷயம் இதுதான்: கண்ணுக்கும் கருவிக்கும் படாத ஒரு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. கல்லாவில் பணம் குறைகிறது, யாரையும் காணோம், ஆனால் கூட்டல் தப்பாக இருக்காது, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒருவன் வந்து போயிருக்கிறான் என்று சொல்வதுபோல. நானாக இருந்தால் கூட்டலைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். 26 வருஷம் கழித்து, 1956-இல், ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் அந்தத் துகளைப் பிடித்தார்கள். அதுதான் நியூட்ரினோ. 1965-இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை முதலில் கண்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

இப்போது நிஜமான கேள்வி. ஏன்? ஏன் அந்தத் தொகை மாறுவதில்லை?

ராகுகாலத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டு மாடியில் 10 மீட்டர் உயரத்தில் 1000 லிட்டர் டேங்க். அதை நிரப்ப, மோட்டார் இழப்பையெல்லாம் விட்டுவிட்டால், 98,000 ஜூல் வேண்டும். அதே தண்ணீரைக் கீழே இறக்கி ஒரு குட்டி டர்பைனைச் சுற்றினால் 98,000 ஜூல் திரும்பக் கிடைக்கும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்போது, தினமும் ராகுகாலம் ஒன்றரை மணி நேரம் மட்டும் பூமியின் ஈர்ப்பு பத்து சதவீதம் குறைந்துவிடுகிறது என்று கற்பனை செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் மூன்றிலிருந்து நாலரை. நீங்கள் என்ன செய்வீர்கள்? கரெக்டாக மூன்று மணிக்கு மோட்டாரைப் போடுவீர்கள், 88,200 ஜூலில் டேங்க் நிரம்பிவிடும். நாலரைக்குப் பிறகு, ஈர்ப்பு பழையபடி ஆனதும், தண்ணீரை இறக்கி 98,000 ஜூல் எடுப்பீர்கள். 9,800 ஜூல் சும்மா வந்தது, எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பதால், தினம் ஒரு டேங்க் வீதம் ஓட்டினால் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். ஈபி பில்லில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆற்றல் அழியா விதி அன்றைக்கே செத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, விதியை உடைக்க எது தேவைப்பட்டது என்பது. நேரத்துக்கு நேரம் ஈர்ப்பு மாற வேண்டியிருந்தது. கொஞ்சம் கணிதம் தெரிந்தவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்: கீழே விழும் பொருளின் இரண்டு ஆற்றல்களையும் கூட்டி, அந்தத் தொகை என்ன வேகத்தில் மாறுகிறது என்று வகையீடு செய்யுங்கள். வேகம் கூடுவதால் வரும் வரவும் உயரம் குறைவதால் வரும் செலவும், நியூட்டனின் விதிப்படி, ஒன்றையொன்று துல்லியமாக அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரே ஒரு உறுப்பு: நிறை பெருக்கல் உயரம் பெருக்கல் ஈர்ப்பு மாறும் வேகம். ஈர்ப்பு நேரத்தோடு மாறாவிட்டால் அந்தக் கடைசிக் காரணி பூஜ்யம், அதோடு சேர்ந்து எல்லாம் பூஜ்யம். ஸ்பிரிங், மின்காந்தம், அணு எதை எடுத்தாலும் இதே வடிவம்தான் வருகிறது. நேற்று செய்த சோதனையை இன்று அப்படியே செய்தால் அதே விடை வரும், நாளையும் வரும், இயற்கைக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது என்றால், அங்கே மாறாத ஒரு எண் இருந்தே தீர வேண்டும். அந்த எண்ணுக்கு நாம் வைத்த பெயர்தான் ஆற்றல். அது என்ன, ஏன் அழிவதில்லை என்று நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இதைப் பொதுவாக நிறுவியவர் எம்மி நோய்தர் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர். 1915-இல் ஹில்பெர்ட், கிளைன் என்ற இரு கணிதவியலாளர்கள் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புக் கொள்கையில் ஆற்றல் கணக்கு விசித்திரமாக நடந்துகொண்டது, அதை அவிழ்க்க ஆள் தேவைப்பட்டது. பெண் என்பதால் பல்கலைக்கழகம் பதவி தரவில்லை. சம்பளம் இல்லாமல், ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். 1918-இல் வந்த அவருடைய தேற்றம் சொல்வது: இயற்கை விதிகளில் தொடர்ச்சியான ஒவ்வொரு சமச்சீருக்கும் (ஒன்றைச் சிறிது சிறிதாக மாற்றினாலும் விதி அப்படியே இருப்பதற்கு) ஒரு மாறாத அளவு உண்டு. நேரம் மாறினாலும் விதி மாறாது என்பதற்கு ஆற்றல், இடம் மாறினாலும் மாறாது என்பதற்கு உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கியது), திசை மாறினாலும் மாறாது என்பதற்குக் கோண உந்தம் (சுழற்சிக்கு உரிய உந்தம்). 1933-இல் யூதர் என்பதால் நாஜிகள் அவரை வேலையிலிருந்து துரத்தினார்கள், அமெரிக்கா போய் இரண்டே வருஷத்தில் காலமானார். இயற்பியலில் என்னிடம் ஒரே ஒரு தேற்றத்தை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

"சரி, விதிகள் நேரத்தோடு மாறவில்லை என்று யார் பார்த்தது?" பார்த்திருக்கிறார்கள். 1972-இல் பிரான்சில் ஒரு யுரேனிய ஆலையில், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்துத் தாதுவில், அணு உலையில் எரியும் வகையான யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 என்று வந்தது. அந்தச் சின்னக் குறைவைத் துருவிப் போனபோது, சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன் அந்த நிலத்தடியில் இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்து முடிந்திருந்தது தெரிந்தது. அது விட்டுப்போன சாம்பலில் எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்த்தால், மின்காந்த விசையின் பலம் அன்றைக்கு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட மாறியிருக்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. "அண்டத்தின் மொத்த ஆற்றல் மாறாதது" என்று மேடையில் பேசுகிறார்களே, அதை அப்படியே நம்பாதீர்கள். நோய்தரின் நிபந்தனை, நேரம் போனாலும் பின்னணி மாறக்கூடாது என்பது. நம் அண்டமோ விரிந்துகொண்டே இருக்கிறது, நேற்றைய அண்டமும் இன்றைய அண்டமும் ஒன்றில்லை. நிபந்தனை போனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த விதியும் தளரும். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 வருஷம் கழித்து அண்டம் 3000 கெல்வின் சூட்டில் இருந்தபோது கிளம்பிய ஒளி இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் வெளி விரிந்ததால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 1100 மடங்கு நீண்டு மைக்ரோ அலையாகிவிட்டது, இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். ஒவ்வொரு ஒளித்துகளும் கிளம்பும்போது வைத்திருந்த ஆற்றலில் 1100-இல் ஒரு பங்குதான் இப்போது மிச்சம்.

மீதி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ஈர்ப்புப் புலத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், அது எழுதுகிறவர் விருப்பம். அண்டம் முழுமைக்கும் அப்படி ஒரு பேரேட்டை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி போட முடியவில்லை. மாடியில் ஆன்டெனா வைத்துத் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ச்சி முடிந்த பிறகு டிவியில் புள்ளிபுள்ளியாக ஓர் இரைச்சல் வருமே, அதில் ஒரு சின்னப் பங்கு இந்த இளைத்துப்போன ஒளிதான்.